சம்பந்தியம்மா படிக்கச் சொன்ன கடிதங்கள்

கண் ஆபரேஷனுக்காகச் சம்பந்தியம்மா வந்து நான்கு நாள் தங்கப்போகிறார் என்று மகள் போனில் சொன்னபோது, லிஃப்ட்காரருக்கு அந்த அம்மாளின் கண்ணைப் பற்றிய கவலை வரவில்லை. தன் வீட்டு கேட்டில் தொங்கும் தபால் பெட்டியைப் பற்றிய கவலைதான் வந்தது.

"அத்தைக்கு உங்க ஊர் ஆஸ்பத்திரிதான் சரியா வரும்னு டாக்டர் சொல்லிட்டாருப்பா. அவங்க லாட்ஜ்ல ரூம் போட்டுக்கறேன்னாங்க. எங்க அப்பா வீடு இருக்கும்போது லாட்ஜ் எதுக்குன்னு நான்தான் சண்டை போட்டேன்" என்றாள் மகள்.

"நல்ல காரியம் பண்ணினே" என்று சொல்லிப் போனை வைத்தார்.

அப்பா வீடு இன்னும் எத்தனை நாளைக்கு அப்பாவுடைய வீடாக இருக்கும் என்பது அப்பாவுக்கே தெரியாது. தெரிந்துகொள்ள அவர் விரும்பவில்லை என்பதுதான் உண்மை. பேங்கிலிருந்து வரும் கடிதங்களை அவர் பிரிப்பதே இல்லை. பிரிக்காத கடிதத்தில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம், நல்லதுகூட இருக்கலாம் என்பது அவருடைய கட்சி.

இருபத்தேழு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். தெருவில் அவர் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. லிஃப்ட்காரர் என்றால் பால்காரர் முதல் பக்கத்து வீட்டுக் குழந்தை வரை கை காட்டும். போன வருடம் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் மோட்டார் அறையில் கம்பி வடம் சக்கரத்தை விட்டு நழுவியபோது, இரண்டுக்கும் நடுவில் அவருடைய வலது கை இருந்தது. கை பிழைத்தது. ஆனால் மூன்று விரல்கள் மடங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டன. கம்பெனி வைத்தியச் செலவைக் கொடுத்தது, சில மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தது, பிறகு போன் அறையில் ஒரு வேலை கொடுக்கிறேன் என்றது. எங்காவது லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் உள்ளே இருக்கும் பொத்தானை அமுக்குவார்கள். அழைப்பு அந்த அறைக்கு வரும். அதை எடுத்துப் பேச வேண்டும்.

"ஸ்பேனர் பிடிச்ச கையால போன் எடுக்கறதா?" என்று ரோஷத்தோடு மறுத்துவிட்டார். ரோஷம் சோறு போடாது என்பது பெரியவர்கள் சொன்னது. தவணையும் கட்டாது என்பது அவர் தானே கண்டுபிடித்தது.

மனைவி திரைச்சீலை தைப்பவள். பின்னறையில் அவளுடைய மெஷின் ஓடினால்தான் அடுப்பு எரியும் என்கிற நிலை வந்து பதினொரு மாதம். வீட்டுக் கடனைப் பற்றி அவள் கேட்டபோதெல்லாம், "பேங்க்ல பேசிட்டேன், பொறுத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க" என்றார். அவர் பேங்க் இருக்கிற தெருப் பக்கமே போகவில்லை. வந்த கடிதங்கள் அத்தனையும் அவருடைய கருவிப் பையின் அடியில், ஸ்பேனர்களுக்குக் கீழே கிடந்தன. அந்த வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. அடிபட்ட நாளிலிருந்து, கடிதத்தைச் செருகுவதற்குத் தவிர அந்தப் பையைத் திறக்க அவரே பயந்தார்.

இந்த லட்சணத்தில் வருகிற விருந்தாளி யார்? பேங்கில் கடன் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள். மகளின் கல்யாணத்தன்று மண்டபத்து நாற்காலிகளை எண்ணி, பன்னிரண்டு குறைகிறதே என்று மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்டவர். அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் தங்களுக்குள் அவருக்கு வைத்த பெயர் ஆடிட்டர்.

"நாலே நாள்" என்றாள் மனைவி. "மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டிடலாம்."

வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து, அதன் மேல் துளை துளையாகப் பிளாஸ்டிக் மூடி போட்டுக்கொண்டு சம்பந்தியம்மா வந்து சேர்ந்தார். இடது கண்ணிலும் புரை இருந்தது; அதற்கு மூன்று மாதம் கழித்து. அதுவரைக்கும் எதிரில் நிற்பது நாற்காலியா மனிதனா என்கிற அளவுக்குத்தான் பார்வை. படிக்கக் கூடாது, குனியக் கூடாது, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. அவர் வந்ததால் தொந்தரவு என்று எதுவும் இல்லை. போர்வையைத் தானே மடித்து வைத்தார். தடவித் தடவிப் போய்த் தன் தம்ளரைத் தானே கழுவினார். இரண்டு நாள் நல்லபடியாகவே போயிற்று. தபால் வரும் நேரத்தில் லிஃப்ட்காரர் கேட்டுக்கு எண்ணெய் போடுகிற சாக்கில் வெளியே நின்றார். அந்த கேட் அவ்வளவு எண்ணெய் அதற்கு முன் குடித்ததில்லை.

மூன்றாம் நாள் காலை மனைவி தைத்ததைக் கொடுக்கப் போயிருந்தாள். லிஃப்ட்காரர் சொட்டு மருந்து வாங்க மருந்துக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, சம்பந்தியம்மா முன்னறை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தாள். அதன் நான்கு மூலையிலும் டேப் பிய்ந்து தொங்கியது.

"யாரோ வந்து கதவுல ஒட்டிட்டுப் போனாங்க சம்பந்தி. டேப் கிழிக்கிற சத்தம் கேட்டுது. எழுந்து போய் எடுத்துட்டு வந்தேன். என்னன்னு கொஞ்சம் படிங்களேன். எனக்குத்தான் படிக்கக் கூடாதே."

தாளை வாங்கினார். மேலே கொட்டை எழுத்தில் 'இறுதி அறிவிப்பு' என்றும், கடைசி வரியில் வீடு ஏலம் விடப்படும் என்றும் இருந்தது.

"இது வந்து... தண்ணி வரி."

"ஓ."

"ஏதோ பாக்கியாம். ஏரியாவுல எல்லார் வீட்டுக்கும் ஒட்டறாங்க."

"தண்ணி வரிக்கு நாலு மூலையும் டேப் போட்டு ஒட்டறாங்களா? பரவாயில்லையே, நல்ல முனிசிபாலிட்டி" என்றார் சம்பந்தியம்மா. பிறகு குரலை மாற்றாமல், "ரெண்டாவது பத்தியைப் பாருங்க. 'பலமுறை நினைவூட்டியும் தாங்கள் தொகையைச் செலுத்தத் தவறிய காரணத்தால்'... அப்படித்தானே ஆரம்பிக்குது?"

லிஃப்ட்காரர் பார்த்தார். அப்படித்தான் ஆரம்பித்தது.

"'தவறிய'வுக்கு எந்த ற போட்டிருக்கு? பெரிய றவா, சின்ன ரவா?"

"சின்ன ர."

"இன்னும் திருத்தல பாருங்க" என்று பெருமூச்சு விட்டார். "அந்த வாக்கியம் நான் எழுதினது சம்பந்தி. இருபது வருஷம் இருக்கும். டைப் அடிச்சவன் தப்புப் பண்ணினான். மத்த பேங்க்காரங்க எல்லாம் அதை அப்படியே காப்பி அடிச்சுக்கிட்டாங்க, தப்போட சேர்த்து."

லிஃப்ட்காரர் கீழே உட்கார்ந்துவிட்டார். நாற்காலி பக்கத்தில்தான் இருந்தது. அதில் உட்காரத் தோன்றவில்லை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் கடைசி மானம் இப்படிக் கதவில் ஒட்டிக் காற்றில் ஆடியிருக்கிறது.

"பொண்ணுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். அது ஒன்றுதான் வாயில் வந்தது.

"அதை அப்புறம் பார்க்கலாம். மிச்சக் கடிதமெல்லாம் எங்க?"

"எந்தக் கடிதம்?"

"கதவுல ஒட்டறது கடைசி. அதுக்கு முன்னாடி தபால்ல ஏழெட்டாவது வந்திருக்கணும்."

"வந்துது. பிரிக்கல."

"ஒண்ணுகூடவா?"

"முதல்ல வந்ததைப் பிரிச்சேன். பாதி படிச்சேன்."

சிரிப்பார், அல்லது திட்டுவார் என்று எதிர்பார்த்தார். சம்பந்தியம்மா இரண்டும் செய்யவில்லை. "கொண்டு வாங்க. நான் கேக்கறேன், நீங்க படிங்க. வேற வழியில்ல, நமக்குள்ள கண் இருக்கிற ஆள் நீங்கதான்."

கருவிப் பையைத் தூக்கி வந்து முன்னறையில் வைத்தார். ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே அடுக்கினார். அடியிலிருந்து ஒன்பது உறைகள் வந்தன, கிரீஸ் கறையோடு. மடங்காத விரல்களால் உறையைக் கிழிக்க வரவில்லை. சின்ன ஸ்க்ரூ டிரைவரை இடது கையில் பிடித்து, முதலாவதைத் தவிர மற்றதை ஒவ்வொன்றாகக் கீறினார். தேதிப்படி அடுக்கச் சொன்னார் சம்பந்தியம்மா. அடுக்கினார். முதலிலிருந்து படிக்கச் சொன்னார். படித்தார்.

முதல் கடிதத்தைப் படிக்கும்போது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மூன்றாவது வரும்போது கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. வினோதம் என்னவென்றால், ஒவ்வொன்றும் அவர் பயந்த அளவுக்கு இல்லை. ஐந்து மாதத்துக்கு முன் வந்த கடிதத்தை 'வீட்டைப் பிடுங்கறேன்னு எழுதியிருப்பான்' என்று நினைத்து இரண்டு நாள் தூங்காமல் கிடந்திருக்கிறார். பிரித்தால், அலுவலகத்துக்கு வந்து பேசும்படி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதும் முடிந்ததும் சம்பந்தியம்மா, "முதல் கடிதத்தைத் திருப்புங்க. பின்பக்கம். கீழே பொடி எழுத்துல ஏதாவது இருக்கா?" என்றார்.

இருந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த்தான் படிக்க முடிந்தது. "விபத்து, நோய், வேலை இழப்பு ஆகிய காரணங்களால் தவணை செலுத்த இயலாதவர்கள் எங்கள் உதவிப் பிரிவை அணுகினால், தவணையைக் குறைத்தல், காலத்தை நீட்டித்தல் ஆகியவை பரிசீலிக்கப்படும்."

இன்னொரு தடவை படித்தார்.

"இது எப்ப இருந்து இருக்கு?"

"முதல் நாள்ல இருந்தே."

"இதை முன்பக்கம் போட்டா என்னம்மா?"

சம்பந்தியம்மா கண் மூடியின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எங்க பேங்க்ல அது முன்பக்கம்தான் இருந்துது. கடிதம் ரெண்டு தாளுக்குப் போகுது, தபால் செலவு ஆகுது, எழுத்தைச் சின்னதாக்கிப் பின்னாடி போட்டா ஒரே தாள்ல முடியும்னு சொன்னது நான்தான் சம்பந்தி. மேலதிகாரி கூப்பிட்டுப் பாராட்டினாரு. அதைப் படிக்காமலே எத்தனை பேர் சாவியைக் கொடுத்துட்டுப் போனாங்களோ. நாற்காலியை எண்ணுவேன், நோட்டை எண்ணுவேன். அதை மட்டும் எண்ணிப் பார்த்ததில்ல." புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "நீங்க என்னை ஆடிட்டர்னு கூப்பிடறது எனக்குத் தெரியும். உங்க பொண்ணுதான் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிட்டா. தப்பில்ல. பொருத்தமாத்தான் இருக்கு" என்றார்.

லிஃப்ட்காரர் முகம் சிவந்து நிமிர்ந்தபோது, வாசலில் மனைவி காலிப் பையோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. தரையில் ஸ்பேனர்கள், கீறிய உறைகள், அவர் கையில் கடிதம்.

"எனக்குச் சொட்டு மருந்து நேரமாச்சு" என்று சொல்லிக்கொண்டு சம்பந்தியம்மா எழுந்தார். நேரம் ஆகவில்லை, இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மனைவி தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசித் தாளையும் பார்த்தாள்.

"பேசிட்டேன், பொறுத்துக்கறேன்னாங்கன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"கையிலதான அடிபட்டது உங்களுக்கு? வாயில இல்லையே?"

அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் தரையில் உட்கார்ந்து ஸ்பேனர்களைத் துடைத்துத் துடைத்துப் பைக்குள் வைத்தாள், பெரியதிலிருந்து சின்னது வரை, அவர் எப்போதும் வைக்கும் வரிசையில். அந்த வரிசை அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கு இத்தனை வருடம் தெரியாது.

"வீடு போனா வாடகைக்கு இருந்துக்கலாம்" என்றாள் கடைசியில். "நீங்க தனியா இதைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சீங்களே, அதுதான் எனக்கு ஆறல."

மறுநாள் ஆஸ்பத்திரியில் கண்ணைப் பார்த்த டாக்டர், சம்பந்தியம்மா ஊருக்குத் திரும்பலாம் என்றார். அவர் திரும்பவில்லை. மகளுக்குப் போன் செய்து, "இன்னும் ரெண்டு மூணு வாரம் இருந்துட்டு வர்றேன். இங்க எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு" என்றார். என்ன வேலை என்று மகள் கேட்டாள் போலிருக்கிறது. "அதை உங்க அப்பா சொல்லுவாரு" என்று போனை நீட்டிவிட்டார்.

இடி விழுந்த மாதிரி இருந்தது. ஆனாலும் சொன்னார். முதல் வாக்கியம்தான் கஷ்டம். அதற்குப் பிறகு வாய் தானாகவே சொல்லிக்கொண்டு போயிற்று.

"நான் என்ன வேத்து மனுஷியாப்பா?" என்றாள் மகள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, அத்தை சொல்றபடி கேளுங்க. அவங்க சொன்னா சரியா இருக்கும். எரிச்சலா இருக்கும், ஆனா சரியா இருக்கும்" என்றாள்.

பேங்குக்குக் கிளம்பும்போது சம்பந்தியம்மா மூடிக்கு மேலே பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். வழியில் லிஃப்ட்காரர், "நீங்களே பேசிடுங்கம்மா. உங்களுக்கு அவங்க பாஷை தெரியும்" என்றார்.

"நான் வாயே திறக்க மாட்டேன். கடன் உங்க பேர்ல. நீங்க பேசினாத்தான் அவங்க பேப்பர்ல ஏறும். இவ்வளவு பயப்படாதீங்க. பேங்குக்கு உங்க வீடு வேண்டாம். வீட்டை வாங்கி வச்சுக்கிட்டு அது என்ன குடியிருக்கப் போகுதா? அதுக்கு மாசாமாசம் பணம் வரணும், அவ்வளவுதான்."

கடன் பிரிவில் இருந்தவர் வழுக்கைத் தலையோடு, பாதி கடித்த பிஸ்கட்டை மேஜை டிராயருக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தார். பெயரைக் கேட்டதும் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, அவரையும் ஒரு தடவை பார்த்தார்.

"சார், நீங்க ஊரை விட்டே போயிட்டீங்கன்னு நாங்க நினைச்சோம். பதினொரு மாசத்துல இப்பதான் முதல் தடவை வர்றீங்க."

லிஃப்ட்காரர் வலது கையை மேஜை மேல் வைத்தார். இதுநாள் வரை வெளியே போனால் அதைப் பாக்கெட்டுக்குள்தான் வைத்திருப்பார். "இதுதான் சார் காரணம்" என்று ஆரம்பித்து, பயந்ததையும் ஒளித்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னார். சம்பந்தியம்மா சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு இடத்தில், ஏலத்தை நிறுத்தி வைக்க எழுத்தில் ஏதாவது தர முடியுமா என்று கேட்க அவர் மறந்தபோது, மேஜைக்கு அடியில் செருப்பால் அவர் காலை மிதித்தார்.

வழுக்கைக்காரர் நல்ல மனிதர். இரண்டு இடத்துக்குப் போன் செய்தார். மருத்துவச் சான்றிதழைப் பிரதி எடுத்துக்கொண்டார். அறுபது நாளைக்கு ஏலம் நிறுத்திவைக்கப்படுகிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வட்டியில நீட்டிச்சா உங்களுக்குத்தான் நஷ்டம் சார். இவ்வளவு பாக்கி விழுந்ததுக்கு அப்புறம் எங்களால வட்டியைக் குறைக்க முடியாது. குறைஞ்ச வட்டிக்கு வேற எங்கயாவது கடனை மாத்திக்க முடியுமான்னு பாருங்க. தொழிலாளர் சங்கம் மாதிரி எதுலயாவது மெம்பரா இருக்கீங்களா?" என்றார்.

இருந்தார். அதை அவரே மறந்துவிட்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ கையெழுத்து வாங்கி, கட்டடத் தொழிலாளர் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் சேர்த்துவிட்டார்கள். இருபத்தேழு வருடம் சம்பளத்திலிருந்து ஒரு சின்னத் தொகை அங்கே போய்க்கொண்டிருந்தது. மாடிப்படிக்கு அடியில் ஒரே அறையில் இயங்கிய அந்தச் சங்கத்தில், மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு அதைத் தேடிக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தா அம்மாள் விவரத்தைக் கேட்டுக்கொண்டார். பேங்குக்குக் கட்ட வேண்டியதைச் சங்கமே கட்டிவிடும்; அவர் சங்கத்துக்குக் குறைந்த வட்டியில், பாதித் தவணையாக, பாக்கியுள்ள எட்டு வருடத்துக்குப் பதில் பதினைந்து வருடம் கட்ட வேண்டும். அதற்கு இரண்டு வேண்டும்: கம்பெனி எழுதித் தரும் ஒரு சம்பளச் சான்று, ஓய்வூதியமோ நிரந்தர வருமானமோ உள்ள ஒரு ஜாமீன்தாரர்.

சம்பளச் சான்றுக்கு ஒரே வழிதான். வீட்டுக்கு வந்ததும் பழைய சூப்பர்வைசருக்குப் போன் செய்தார். அந்தப் போன் அறை வேலை இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்க நான்கு தடவை தொண்டையைக் கனைக்க வேண்டியிருந்தது.

"காலியா? உங்களுக்காக மூணு மாசம் யாரையும் போடாம வச்சிருந்தேன் அண்ணே. அப்புறம் ஒருத்தனைப் போட்டேன். அவன் மாட்டிக்கிட்டவங்களை விட அதிகமாப் பயப்படறான். நாளைக்கே வாங்க" என்றார் சூப்பர்வைசர்.

போனார். முதல் நாளே நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் ஒரு வக்கீல் மாட்டிக்கொண்டு, வழக்குப் போடுவேன் என்று கத்திக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் அவரைப் பேசவிட்டுப் பின்னால் வரும் சத்தத்தைக் கேட்டார். பிரேக் சத்தம் இல்லை; கதவுப் பூட்டு சரியாகப் பிடிக்காத சத்தம்தான். "சார், கதவை உங்க பக்கமா ஒரு அங்குலம் தள்ளிப் பிடிச்சுட்டு விடுங்க" என்றார். லிஃப்ட் நகர்ந்தது. வக்கீல் நன்றிகூடச் சொல்லாமல் ஓடிவிட்டார். ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்த லிஃப்ட்காரர் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார். மனைவி அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் மூன்றாவது தடவையும் போட்டாள்.

ஜாமீன் விஷயம்தான் முள்ளாக நின்றது. தன் ஓய்வூதியத்தின் பேரில் தானே கையெழுத்துப் போடுவதாகச் சம்பந்தியம்மா சொன்னதும் லிஃப்ட்காரர் எழுந்துவிட்டார்.

"அது மட்டும் வேண்டாம்மா. வழி காட்டினீங்க, கூட வந்தீங்க, அதுவே ஏழேழு ஜென்மத்துக்குப் போதும். சம்பந்தி வீட்டுல ஜாமீன் வாங்கினான்னு பேர் வேண்டாம்."

"உக்காருங்க சம்பந்தி. நீங்க எந்திரிச்சு நிக்கறது எனக்குப் பாதிதான் தெரியுது" என்றார் அந்த அம்மாள். அவர் உட்கார்ந்ததும் சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் கடைசி நாலு மாசம் படுக்கையில இருந்தாரில்ல? யாரையும் கிட்ட விட மாட்டாரு. நர்ஸைக்கூடத் திட்டி அனுப்பிட்டாரு. உங்க பொண்ணு வந்து ஆறு மாசம்கூட ஆகல. ஒரு நாள் நான் உள்ளே போறேன், அவ அவரோட கால் பக்கம் உக்காந்து நகம் வெட்டிக்கிட்டு இருக்கா. அவரு சிரிக்கிறாரு. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் நகம் கல்லு மாதிரி இருக்கும் மாமான்னு சொல்லிக்கிட்டே வெட்டறா. முப்பத்தெட்டு வருஷத்துல நான்கூட அவருக்கு அதைச் செஞ்சதில்ல."

மனைவி மெஷினை நிறுத்திவிட்டுக் கதவருகில் வந்து நின்றாள்.

"அதுக்கு இது பதில்னு சொல்லல. அப்படிச் சொன்னா அவளைக் கேவலப்படுத்தின மாதிரி. அவ எங்கிருந்து வந்தாளோ அந்த வீடு இருக்கணும்னு எனக்குத் தோணுது. அவ்வளவுதான். கையெழுத்துப் போடறதுல எனக்கு ஒரு பயமும் இல்ல. தவணை கட்டாம ஓடறவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு முப்பத்தோரு வருஷம் பார்த்திருக்கேன். உங்க மூஞ்சி அது இல்ல. நீங்க கடிதம் பிரிக்காத மூஞ்சி. அதுக்கு மருந்து இருக்கு."

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். "நம்ம ரெண்டு பேரும் கேட்டிருந்தாக்கூட இப்படி ஒருத்தரைக் கொடுத்திருக்க மாட்டாங்க" என்றாள் அவள். யார் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று அவள் சொல்லவில்லை. பிறகு சம்பந்தியம்மாவின் பக்கம் திரும்பி, "அண்ணி, உங்களைப் பத்தி நான் நிறைய பேசியிருக்கேன். எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கறேன்" என்றாள்.

"எல்லாத்தையும் வேண்டாம். கொஞ்சம் மிச்சம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்" என்றார் சம்பந்தியம்மா.

சங்கத்தில் கையெழுத்துப் போட்ட அன்று மூன்று பேரும் போனார்கள். குமாஸ்தா அம்மாள் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றார். "ஜாமீன்தாரர் உங்களுக்கு என்ன உறவு? இங்க கணவன், மனைவி, பெற்றோர், உடன்பிறந்தோர், நண்பர், இதுதான் இருக்கு."

"சம்பந்தி" என்றார் லிஃப்ட்காரர்.

"அதுக்குக் கட்டம் இல்லையே. நண்பர்னு போடட்டுமா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நண்பர்னு சொன்னா பொண்ணு கேட்டுச் சிரிப்பா" என்றாள் மனைவி.

"உடன்பிறந்தோர்ல போடுங்க" என்றார் லிஃப்ட்காரர்.

"பொய் எழுதக் கூடாது. பின்னாடி செல்லாதுன்னுடுவாங்க" என்றார் சம்பந்தியம்மா, கறாராக. "ஓரத்துல ஒரு கோடு போட்டு, கையாலேயே சம்பந்தின்னு எழுதுங்க. மறக்காம பக்கத்துல அவரும் நானும் சுருக்கொப்பம் போடணும்." குமாஸ்தா அம்மாள் அப்படியே எழுதினார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவர் பேனா முனையை வைத்துக் காட்ட, சம்பந்தியம்மா தாளில் முகத்தைப் பதித்துக்கொள்வது போலக் குனிந்து போட்டார். குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னது மூன்று பேருக்குமே அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

பத்து நாளில் பேங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கணக்கு முடிக்கப்பட்டது, பத்திரத்தைச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று இரண்டே வரி. லிஃப்ட்காரர் அதை வாசலில் நின்றபடியே பிரித்து, சத்தம் போட்டுப் படித்தார். தவணை இன்னும் பதினைந்து வருடம். அறுபத்தொன்பது வயது வரை கட்ட வேண்டும். அதை நினைத்தால் மலைப்பாகத்தான் இருந்தது. ஆனால் மலை கண்ணுக்குத் தெரிகிற மலை. எவ்வளவு உயரம், எத்தனை படி என்று அவருக்கு இப்போது தெரியும்.

மறுநாள் சம்பந்தியம்மா ஊருக்குக் கிளம்பினார். பஸ் நிலையத்தில் ஜன்னலோர இருக்கையாகப் பார்த்து உட்கார வைத்து, சொட்டு மருந்தை எந்தப் பையில் வைத்திருக்கிறது என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, மனைவி தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள். லிஃப்ட்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார்.

"சம்பந்தியம்மா, நமக்குள்ள இதெல்லாம் சொல்ற வழக்கமில்ல..."

"அப்ப சொல்லாதீங்க."

"இல்ல, சொல்லிடறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாம வச்சிருந்து நான் பட்டது போதும். இன்னிக்கு காலையில எழுந்து கூரையைப் பார்த்தேன். பதினொரு மாசம் கழிச்சு வெறும் கூரையா தெரிஞ்சுது. எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ரொம்ப நன்றிம்மா."

சம்பந்தியம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மூடி எடுத்துவிட்ட வலது கண்ணால் அவரை நேராகப் பார்த்தார். அந்தக் கண் அவரைத் தெளிவாகப் பார்த்தது அன்றுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"சரி சம்பந்தி. வாங்கிக்கிட்டேன்" என்றார்.

மனைவி மூச்சிரைக்க வந்து பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினாள். டிரைவர் ஏறி உட்கார்ந்தார். அடுத்த கண்ணுக்கு வரும்போது பின்னறையிலேயே தங்கிக்கொள்ளலாம், மெஷினை முன்னால் கொண்டுவந்துவிடுகிறேன் என்று மனைவி பஸ்ஸோடு நடந்துகொண்டே சொன்னாள். மெஷின் சத்தம் தனக்குப் பிடித்திருக்கிறது, நகர்த்த வேண்டாம் என்று சம்பந்தியம்மா உள்ளேயிருந்து சொன்னார். அதற்குள் பஸ் வேகமெடுத்துவிட்டது. இன்னும் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. என்ன சொல்லியிருப்பார் என்று பேசிக்கொண்டே இருவரும் வீடு வரை நடந்தார்கள்.